ஷட்டரை நோக்கிப் போன படகு

என் உயிரான அண்ணனுக்கு,

உன் மகள் செல்வி நன்றாக இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வலை போடப் போன உன்னை இந்த அணை கொண்டுபோன பிறகு நான் அதில் காலைக்கூட நனைத்ததில்லை. ஆனால் அந்தத் தண்ணீர்தான் சந்தவாசல் பக்கத்துக் கழனிகளுக்குப் போகிறது, எங்கள் குழாயிலும் வருகிறது. தினமும், அதிலும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஜனங்கள் படகில் சுற்ற வருவார்கள். கரையில் நான் மீன் வறுத்து விற்கிறேன். படகுகளில் ஒன்றைச் செல்விதான் ஓட்டுகிறாள். வேண்டாமென்று எத்தனையோ தடவை சொன்னேன். கேட்டாளா?

போன ஞாயிறு மதியம் ஜவ்வாது மலையில் பேய்மழை. அணை மளமளவென்று ஏறியது. மதகு ஷட்டரைத் திறக்கச் சங்கு ஊதியதும் மற்ற படகுகள் கரைக்கு வந்துவிட்டன. செல்வியின் படகு மட்டும் நடுவில் நின்றது. அதில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி.

ஷட்டர்காரரிடம் ஓடினேன். "அண்ணே, தொறக்காதீங்க. எங்க பொண்ணு உள்ள மாட்டிக்கினா."

"தொறந்துட்டேனேம்மா. எறக்குறேன், ஆனா நேரமாவும்."

படகு மெல்ல ஷட்டர் பக்கம் நகர்ந்தது. படகோட்டி முருகேசன் தன் படகை அவிழ்த்தார். "கயிறு வீச ஒரு ஆள் வோணும். யாரு வர்றீங்க?"

மழைக்கு எல்லோரும் வண்டிகளுக்குள் ஓடியிருந்தார்கள். நான் ஏறிவிட்டேன்.

சுற்றிலும் செம்மண் கலங்கிய தண்ணீர். நீ இதற்குள்தானே இருந்தாய் என்று நினைத்துக்கொண்டேன். முதலில் வீசிய கயிறு எட்டவில்லை. மறுபடி வீச எழுந்து நின்றேன்.

"அத்தே, குந்து. நின்னா கவுந்துடும்," என்று செல்வி கத்தினாள். உட்கார்ந்தபடியே வீசினேன். பிடித்துக்கொண்டாள்.

முருகேசன் இஞ்சினை முறுக்கியும் இரண்டு படகும் அசையவில்லை. ஷட்டரின் இரைச்சல் காதை அடைத்தது. குழந்தை வாய் திறந்து அழுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. பிறகு ஷட்டர் இறங்கி இழுப்பு தளர்ந்தது. கரை சேர்ந்தோம்.

வீட்டுக்கு வந்து செல்வி தலை துவட்டிக்கொண்டே, "நாளைக்கு வேலைக்குப் போவணும் அத்தே," என்கிறாள்.

"இன்னாடி சொல்ற?"

"இஞ்சின்ல பழைய வலை சுத்திக்கிச்சி. எடுத்துட்டா ஓடும்."

இப்போதெல்லாம் சங்குச் சத்தம் கேட்டால் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றுவிடுகிறது. கடைசியில் உனக்கும் இப்படித்தான் பயமாக இருந்ததா? யாரையாவது கூப்பிட்டாயா?

அவளைத் தடுக்க மாட்டேன் அண்ணா. கரையோரத்தில் எனக்கு நீச்சல் கற்றுத்தரச் சொல்லியிருக்கிறேன். பயம் போகாது. பயத்தோடுதான் இறங்குவேன். ஆனால் இறங்குவேன், சத்தியம்.

செல்விக்கு அத்தையும் அம்மாவுமான
உன் தங்கச்சி வள்ளி