ஒகுவோ நட்ட முதல் கம்பம்

கராண்டோ,
ஆகஸ்ட் 14, செவ்வாய்

அன்பு மகன் ஒகேயோவுக்கு,

உன் அம்மா ரிஸ்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி ஒடெரோவும் சுகம். நீயும் சுகம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதை உன் வாயால் கேட்டு ஐந்து மாதம் ஆகிறது. போன் அடித்தால் மணி போகிறது, எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் நீ பார்த்துவிட்டதாக நீலக் கோடு விழுகிறது. அதைப் பார்த்துத்தான் பிள்ளை இருக்கிறான் என்று தெரிந்துகொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் பெயர் குவோ. சீன ரோடு கம்பெனியில் மண்வேலை மேஸ்திரி. இங்கே ஐந்து வருடம் இருந்தார், சுவாஹிலி நன்றாகவே பேசுவார். இங்கே வேலை முடிந்து ஊருக்குத் திரும்புகிறார். நீ இருக்கும் குவாங்சோவில் இறங்கித்தான் அவர் ஊருக்கு ரயில் ஏற வேண்டுமாம். நீ கடைசியாக அனுப்பிய பார்சலின் மேல் இருந்த முகவரியைக் கத்தரித்து அவரிடம் கொடுத்திருக்கிறேன். கதவைத் தட்டி உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நம் மொழி அவருக்குப் படிக்க வராது, அதனால் அவரைப் பற்றியும் தாராளமாக எழுதப்போகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. ரோடு போட்டு முடித்துவிட்டார்கள். போன மாதம் மந்திரி வந்தார், அவர்கள் நாட்டுப் பெரிய மனிதர் ஒருவரும் வந்தார். இரண்டு கொடியும் பறந்தன. நான் முன்பு பாடம் எடுத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சீன மொழியில் வணக்கம் சொன்னார்கள். நீ ஒரு காலத்தில் கிசுமு நகரத்துச் சீன மொழி வகுப்பில் படித்துவிட்டு வந்து எனக்குச் சொல்லிக்காட்டிய அதே வார்த்தை. அதைக் கேட்டதும் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் ரோடு வந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். மீன்காரி அவினோ இப்போது ஏரி மீன் விற்பதில்லை. சீனாவிலிருந்து பெட்டியில் வரும் ஐஸ் மீன்தான் விற்கிறாள். ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு பெட்டி மீன் விற்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். "வெக்கத்தக் குழம்பு வச்சா புள்ளைங்க சாப்பிடுமா டீச்சரம்மா?" என்றாள்.

நம் பழைய வீடு இருந்த இடம் இப்போது ரோட்டுக்கு நடுவில் இருக்கிறது. அப்பாவின் கல்லறை மட்டும் தப்பித்தது, ஆனால் அந்தப் பக்கம். அவரைப் பார்க்க வேண்டுமென்றால் லாரிகளுக்கு நடுவே குறுக்கே ஓடவேண்டும். ஒருநாள் ஓரத்து வடிகாலைத் தாண்ட முடியாமல் நான் நின்றதைப் பார்த்துவிட்டு, குவோ யாரையும் கேட்காமல் ஒரு சிமெண்டுப் பலகையைக் கொண்டுவந்து குறுக்கே போட்டார். அப்படித்தான் பழக்கம். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன், பிறகு ஒருநாள் சாப்பாடு போட்டேன். சோளக் களியைக் கையால் உருட்டத் தெரியாமல் தட்டெல்லாம் பரப்பினார். ஆனால் மீன் தலையை எடுத்தார் பார், கண், கன்னம், மூளை என்று ஒன்றுவிடாமல் உறிஞ்சிவிட்டு எலும்பை வரிசையாக வைத்தார். நம் ஆட்களைத் தவிர மீன் தலையை அப்படிச் சாப்பிடுகிறவரை நான் பார்த்ததில்லை. அவினோவின் பெட்டி மீனை மட்டும் தொடமாட்டார். "அது எங்க ஊரு மீன், எனக்கு வேணாம். ஏரி மீன் குடுங்க" என்பார். நம் ஊரில் ஆண்பிள்ளை பெயரெல்லாம் ஒ என்றுதானே தொடங்கும், அதனால் பிள்ளைகள் அவரை ஒகுவோ ஆக்கிவிட்டார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ரோட்டுக்குப் போன நிலத்துக்குப் பதிலாக வந்த பணத்தில் மேட்டுப்பக்கம் மனை வாங்கியது உனக்குத் தெரியும். ஒரு வருடமாக மரமும் தகரமும் வாங்கிக் கிடக்கின்றன. நான் தேவாலயத்துக்குப் பின்னால் பாதிரியார் கொடுத்த தகர அறையில் இருக்கிறேன். பகலில் உள்ளே உட்கார முடியாத வெக்கை. உன்னைத்தான் எதிர்பார்த்திருந்தேன். அப்பா இல்லாத மனையில் முதல் கம்பத்தை மூத்த மகன்தான் நடவேண்டும். சேவலும் புதுக் கோடரியுமாக நீ முன்னால் நடக்க, நான் நெருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் வரவேண்டும். கிறிஸ்துமசுக்கு வருகிறேன் என்றாய். கிறிஸ்துமஸ் போனது. பரீட்சை முடிந்ததும் என்றாய். உனக்கு என்ன பரீட்சை, நீ படிப்பை முடித்தே மூன்று வருடம் ஆகிறது.

ஜூலையில் ஒடெரோ பொறுமை இழந்தான். அவனுக்கும் நியாயம் இருக்கிறது. அம்மா வீடு நிற்காமல் அண்ணன் கட்டக்கூடாது, அண்ணன் கட்டாமல் தம்பி கட்டக்கூடாது, வீடில்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அவனே நான்கு ஆட்களைக் கூட்டிவந்து குழி வெட்டவைத்தான். வெட்டினார்கள். கம்பத்தை மட்டும் நடமாட்டேன் என்றார்கள். தலைமை ஆள் என்னிடமே வந்து, "டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. புருஷன் இல்லாதவ மனையில மொதக் கம்பத்த நட்டவன்தான் அவளுக்குப் புருஷன். நான் நட்டுட்டு வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி சோறு போடுவாளா, சூடு போடுவாளா?" என்றான். குழியைச் சுற்றி இரண்டு நாள் உட்கார்ந்து சீட்டு ஆடினார்கள். ஒடெரோவும் நடமுடியாது, இளையவன் முந்தினால் அது உனக்குக் கேடு.

மூன்றாம் நாள் குவோ டிப்பரில் மிச்ச ஜல்லி கொண்டுவந்தார். குழி இருக்கிறது, கம்பம் கிடக்கிறது, நாலு பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நின்றுபோன வேலையைப் பார்த்தால் அந்த மனிதருக்குக் கை அரிக்கும். "காலா ஒடஞ்சிருக்கு உங்களுக்கு?" என்று கத்திக்கொண்டே குதித்தார். கம்பத்தைத் தூக்கிக் குழியில் நிறுத்தினார், மண்ணைத் தள்ளி மிதித்தார், பையிலிருந்து ரசமட்டம் எடுத்து நான்கு பக்கமும் வைத்துப் பார்த்தார். அப்புறம் கையைத் தட்டிக்கொண்டு, "அடுத்த கம்பம் எங்க?" என்றார்.

பிறகு வேலி ஓரத்தில் நின்ற அவினோ குலவை போட்டாள் பார், ஊரே கூடிவிட்டது. "டீச்சரம்மாவுக்கு ஒகுவோ கம்பம் நட்டாச்சு!" என்று சிரிப்பு. மறுநாள் சந்தையில் ஒடெரோவைப் பார்த்து, "என்னடா, புது அப்பா டிப்பர் ஓட்டக் கத்துக் குடுத்தாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் ஒருவனை அடித்துவிட்டு வந்தான். குவோவுக்கு விஷயத்தை நான்தான் விளக்கிச் சொன்னேன். காது வரைக்கும் சிவந்துபோனார். "ஐயோ, ஒகேயோம்மா, வெறும் கம்புன்னு நெனச்சேன். இப்பவே புடுங்கிடறேன்" என்று ஓடினார். தடுத்தேன். நட்டதைப் பிடுங்கவும் வீட்டு ஆள்தான் வேண்டும். இரண்டு டப்பா தேயிலை எடுத்துக்கொண்டு உன் சித்தப்பா ஒபுங்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். ஒபுங்கா தேயிலையை வாங்கிக்கொண்டார், மன்னிப்பை வாங்கிக்கொள்ளவில்லை.

உன்னிடம் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அவர் கம்பத்தைத் தூக்கியபோது நான் வேப்பமரத்தடியில் தேநீர்க் குடுவையோடு நின்றேன். இருபது எட்டுத் தூரம். வேண்டாம் என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். முப்பது வருடம் வகுப்பறையில் கத்திய தொண்டை எனக்கு. கத்தவில்லை. எனக்காக ஒருவர் ஒரு பொருளைத் தூக்கி நிமிர்த்தி வைப்பதைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது தெரியுமா? அது நேராக நிற்கட்டும் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். அந்த மனிதர் மேல் எனக்கு வேறு எண்ணம் எதுவும் கிடையாது, அவருக்கும் இல்லை. தனியாக இருப்பது புத்தியைக் கெடுக்கிறது ஒகேயோ, அவ்வளவுதான்.

போன வருடம் அவருடைய அம்மா இறந்தார். அடக்கத்தை இந்தத் தகர அறை வாசலில் நின்று போனில் பார்த்தார், இங்கேதான் சிக்னல் கிடைக்கும் என்று. போயிருக்கக்கூடாதா என்று திட்டினேன். "நான் போய்ச் சேர ரெண்டு நாளாகும், அதுக்குள்ள முடிஞ்சிடும்மா" என்றார். உன்னை நினைத்து, மேலே திட்டாமல் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை

செவ்வாய்க்கிழமை நிறுத்தியதிலிருந்து எழுதுகிறேன். குவோ நாளை காலையிலேயே கிளம்புகிறாராம், அதனால் அவசரம்.

நேற்றுப் பெரியவர்கள் கூடினார்கள். அன்னியன் நட்ட கம்பத்தைப் பிடுங்கிவிட்டு வேறு கம்பம் நடவேண்டும், நடுவது மூத்த மகன் ஒகேயோ, அக்டோபர் மழைக்கு முன்னால் வரவேண்டும் என்று தீர்ப்பு. வராவிட்டால் ஒபுங்கா நடுவார். அவர் அதைக் கேட்டுத் தாடியைத் தடவிக்கொண்டே, "அண்ணிக்கு என்ன கொறை வச்சிடப் போறேன்? என் கோட்டு ஒண்ணு அந்த வீட்டு ஆணியில தொங்கினா ஊரு வாய் மூடிடும்" என்றார். ஏற்கெனவே இரண்டு மனைவிமார் வீட்டில் அவர் கோட்டுத் தொங்குகிறது. அண்ணன் போனால் அவர் பெண்டாட்டியைத் தம்பி ஏற்கவேண்டும் என்ற இந்தப் பேச்சை, அப்பா போன ஆறு வருடமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். உன்னை வைத்துத்தான் தள்ளினேன். எனக்கு மூத்த மகன் இருக்கிறான், அவன் வந்து பார்த்துக்கொள்வான் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். நேற்றும் சொன்னேன். பாவம் என்று பார்த்தார்கள்.

அவினோ சொல்கிறாள், இதெல்லாம் யார் பார்க்கிறார்கள், கூரையைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் படு, நீதான் படித்தவளாயிற்றே என்று. நானும் அறிவியல் பாடம் எடுத்தவள்தான். ஆனால் முறை தவறினால் வரும் சீரா என்ற கேடு, தவறியவளை விட்டுவிட்டு அவள் பிள்ளைகளைப் பிடிக்கும் என்கிறார்கள், உடம்பு நாளுக்கு நாள் உருகிப்போகும் என்கிறார்கள். நம்பிக்கை இல்லை என்று வகுப்பில் சொல்லிவிடலாம். பெற்ற பிள்ளை ஐயாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் போனை எடுக்காமல் இருக்கும்போது சொல்ல முடியவில்லை.

மார்ச்சில் நீ கடைசியாகப் பேசினாயே, நினைவிருக்கிறதா? நடுவில் ஒரு குழந்தை அழுதது. டிவி அம்மா, டிவி என்றாய். டிவியில் அழுகிற குழந்தை உன்னைப் பார்த்து, அப்பாவைக் கூப்பிடுவதுபோல, பாபா என்று கூப்பிடாது மகனே. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, அதன் பிறகுதான் நீ போனை எடுப்பதில்லை. நான் திட்டுவேன் என்று பயந்தாயா? அந்த ஊர்ப் பெண் என்று சொல்ல வெட்கமா? இல்லை, கிளம்பினால் திரும்ப உள்ளே விடாதபடி உன் காகிதங்களில் ஏதாவது சிக்கலா? எதுவாக இருந்தாலும் நான் உன் அம்மா. அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வா. அந்தப் பெண்ணுக்கு நம் சாப்பாடு பிடிக்கவில்லையென்றால் அவள் சமைக்கட்டும், நான் சாப்பிடுகிறேன்.

வர முடியாது என்றால் அதை ஒரு வரியில் எழுதிக் குவோவிடம் கொடு, அவர் போட்டோ எடுத்து அனுப்புவார். என்னை இழுத்தடிக்காதே. நீ வரமாட்டாய் என்று தெரிந்தால் ஒபுங்காவுக்கு நானே ஆள் அனுப்பிவிடுவேன். அவர் கோட்டை மாட்டட்டும். அதுவரைக்கும் அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடப் படுக்கமாட்டேன். முறை தவறி நான் உள்ளே போய், அந்தக் கேடு கடல் தாண்டி, உன்னை பாபா என்று கூப்பிடுகிற வாயைத் தேடிக்கொண்டு வந்துவிடக்கூடாது.

கடவுள் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும். நீ இருக்கும் ஊரில் உன் கால் எதிலும் இடறாமல் இருக்கட்டும்.

குழந்தை ஆணா பெண்ணா என்றாவது எழுது.

உன் அம்மா,
ரிஸ்பா அகேலோ