வேனுக்கு இரண்டு நாள் முன்னால்

எழும்பூர், சென்னை
செவ்வாய், காலை

அன்பு மச்சானுக்கு,

ஆபிதாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். நீங்களும் உங்கள் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள்?

காகிதத்தில் எழுதுகிறாளே என்று பயந்துவிடாதீர்கள். உங்கள் போன் வந்தால் நம் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். உங்கள் அறையிலோ ஆறு பேர். எனக்குச் சொல்ல வேண்டியதை அத்தனை பேர் காதிலும் போட முடியாது. அடுத்த தெரு சல்மான் வெள்ளிக்கிழமை துபாய்க்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுவேன்.

தங்கை ஹசீனாவின் நர்சிங் சான்றிதழ் வேலையாகச் சென்னை வந்தோம். மண்ணடிச் சாச்சி வீடு பூட்டியிருந்ததால் ஹசீனா போனிலேயே ஒரு ஹோட்டல் பிடித்தாள். லாட்ஜ் என்று நினைத்து வீட்டிலிருந்து போர்வை, சோப்பு, பூட்டு எல்லாம் தூக்கி வந்த என்னைப் பார்த்து இன்னும் சிரிக்கிறாள். அறை சின்னதுதான். ஆனால் என்ன அழகு மச்சான்! மஞ்சள் சுவர், மூங்கில் கூடை மாதிரி விளக்கு, ஜன்னலோரம் ஒரு ஆள் சாய்ந்து உட்கார மெத்தை. குளியலறைக்குத்தான் சுவருக்குப் பதில் கண்ணாடி. ஐயோ என்று துப்பட்டாவைக் கட்டித் தொங்கவிட்டேன். குளித்து முடித்த பிறகுதான் மேலே சுருட்டி வைத்திருந்த திரை கண்ணில் பட்டது.

காலைச் சாப்பாடு அறை வாடகையிலேயே அடக்கம். நான் பாட்டுக்கு உட்கார்ந்தேன், யாரோ இட்லி கொண்டுவந்து வைத்தார்கள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் யாருக்கும் எடுத்து வைக்காமல் நான் சாப்பிட்டது இன்றுதான்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. அடுத்த மாதம் நீங்கள் வரும்போது நேராகத் திருச்சியில் இறங்காமல் சென்னையில் இறங்கினால் என்ன? இரண்டு நாள் இங்கே இருந்துவிட்டு ஊருக்குப் போகலாம். இரண்டு நாள் வாடகையும் திருச்சி விமான நிலையத்துக்கு நாம் எடுக்கும் வேன் வாடகையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வேன் என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வரும். போன தடவை பதினான்கு பேர் வந்தோம். நீங்கள் வெளியே வந்தபோது முன்னால் நின்ற தலைகளுக்கு நடுவில் உங்கள் பெட்டியைத்தான் முதலில் பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் பழமும் பிஸ்கட்டுமாகப் பார்க்க வருகிறவர்கள். அவர்கள் ஓய்வதற்குள் உங்கள் லீவு முடிந்துவிடுகிறது. ஆறு வருடமாச்சே, இன்னும் விசேஷம் இல்லையா என்று அவர்களேதான் கேட்கிறார்கள். ஆறு வருடமாம்! நாம் சேர்ந்திருந்தது ஐந்து மாதம்கூட இல்லை.

ரிசப்ஷனில் நாகஜோதி என்று ஒரு பெண், நம்ம ஊருக்குப் பக்கத்துக் கல்லல்காரி. அடுத்த மாதம் நீங்கள் வருவதைச் சொல்லி அறை விவரம் கேட்டதற்கு, அக்கா, மச்சான் எப்ப வாராக, போட்டோ இருந்தாக் காட்டுங்க என்றாள். பெருமையாகப் போனை எடுத்தேன். தேடினேன், தேடினேன். நாம் இரண்டு பேர் மட்டும் நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை மச்சான். கடைசியில் வேன் முன்னால் எடுத்த கூட்டத்தில் உங்களைத் தொட்டுக் காட்டினேன்.

காரைக்குடி
வியாழன்

மாமியிடம் மறைக்க மனம் வரவில்லை. நேற்று மீன் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டேன். முதலில் கோபம்தான். பெத்தவ வாசல்ல காத்துக் கெடக்க, புருசனும் பொண்டாட்டியும் ஓட்டல்ல இறங்குனா ஊரு என்ன பேசும் என்றார்கள். நான் திட்டத்தை மனத்துக்குள் மடித்து வைத்துவிட்டேன்.

இன்று காலை தாமாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஒன் மாமனார் புருனேயிலருந்து வந்தப்பயெல்லாம் நான் அடுப்படியிலதான் நின்னேன், வந்த சனம் போறதுக்குள்ள அவுக அசந்து தூங்கிருவாக, மொகத்தைப் பாக்கக்கூட கூச்சமாருக்கும், இருபத்தஞ்சு வருசம் அப்படியே போச்சு என்றார்கள். பிறகு, வெள்ளிக்கெழம அவன் எறங்கட்டும், நீ போயி ரெண்டு நாள் இருந்துட்டு வா, ரயிலடிக்கு வர்ற வேனுக்கு நான் ஞாயித்துக்கெழமைன்னு சொல்லிக்கிறேன், கேக்குறவுகளுக்கு நான் பதில் சொல்றேன் என்றார்கள். மாமி கையை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

இனி நீங்கள்தான். கூட்டாளிகள் கேலி செய்வார்கள் என்று கூச்சப்பட்டுக்கொண்டு திருச்சிக்கே டிக்கெட் போட்டுவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு ஊர் சுற்ற வேண்டாம், கடற்கரை வேண்டாம். களைப்பில் இரண்டு நாளும் நீங்கள் தூங்கினாலும் சரி. எதில் சிரிப்பீர்கள், எதற்குக் கோபப்படுவீர்கள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆறு வருடம் ஆகியும் எனக்கு உங்களைச் சரியாகத் தெரியாது மச்சான். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகச் சென்னையில் இறக்கட்டும்.

உங்கள்
ஆபிதா