இரண்டு நிற மக்காச்சோளம்

திங்கட்கிழமை இரவு

அன்புள்ள லோரெட்டா அத்தைக்கு,

ஹாட்டி எழுதுகிறேன், உங்கள் அண்ணன் வெர்னின் மகள். கடைசியாக நீங்கள் என்னைப் பார்த்தபோது எனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. இப்போது எட்டாம் வகுப்பு. வெண்டெல் மாமாவும் உங்கள் குட்டிப் பெண் இமானியும் சுகம்தானே? போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய வாழ்த்து அட்டையின் உறையிலிருந்து உங்கள் முகவரியைக் கத்தரித்து வைத்திருந்தேன். அட்டை குப்பைக் கூடையில் கிடந்தது. யார் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

கையெழுத்து கோணலாக இருக்கும். போர்வைக்குள் டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் இப்போதெல்லாம் சாப்பிட்டு முடித்ததும் அப்பா என் போனை வாங்கிப் பார்க்கிறார். தேர்தல் முடியும் வரைதான் என்கிறார்.

இங்கே அறுவடை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. அம்மா உங்களுக்குப் பிடித்த பெர்சிமன் பழங்களைப் பொறுக்கி, மசித்து, புட்டிங் செய்ய ஃப்ரீசரில் வைத்திருக்கிறாள். நீங்கள் மூவரும் சனிக்கிழமை வருகிறீர்கள் என்று அப்பா சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது நான் குதித்த குதியில் பால் கொட்டிவிட்டது. நீங்கள் வெண்டெல் மாமாவைக் கட்டிக்கொண்டதிலிருந்து உங்கள் பெயரைக்கூட உச்சரிக்காத அப்பா, அவராகவே உங்களுக்குப் போன் செய்திருக்கிறார் என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? அப்போது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அத்தை, சனிக்கிழமை வராதீர்கள்.

அப்பா கவுண்டி கவுன்சில் தேர்தலில் நிற்பது உங்களுக்குத் தெரியும். எதிர்த்து நிற்பது யார் என்று சொன்னாரா? எங்கள் கணக்கு டீச்சர், திருமதி பிரூயிட். கறுப்பினப் பெண். எங்கள் பக்கத்தில் அவர்களுக்கு முன் அப்படி யாரும் நின்றதில்லை என்கிறார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது ஊரில் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு சாண்ட்விச் பை கிடந்தது. உள்ளே மடித்த தாள் ஒன்று. காற்றில் பறக்காமல் இருக்கக் கனத்துக்கு ஒரு கைப்பிடி மக்காச்சோளம். தாளில் டீச்சரின் படத்தை எடுத்து முகத்தை என்னவோ செய்திருந்தார்கள். கீழே அவர்கள் நிறத்தைப் பழித்து ஒரு வரி. அதை நான் எழுத மாட்டேன். வெண்டெல் மாமாவைப் பார்த்து யாரோ அந்த வார்த்தையைச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

அன்று சர்ச்சில் அப்பா எழுந்து நின்று, “இதச் செஞ்சவன் எவனா இருந்தாலும் சரி, அவன் எங்க ஆளு இல்ல” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான்தான் கடைசியாகத் தட்டி முடித்தேன்.

மறுநாள் டீச்சர் ஒன்றுமே நடக்காதது போல வகுப்புக்கு வந்தார்கள். கையில் ஒரு கண்ணாடி ஜாடி. வாசல் வாசலாகப் பொறுக்கிய அந்தச் சோளம்தான் அதில் இருந்தது. மேஜைமேல் வைத்து, “எத்தன சோள மணி இருக்கும்? சரியா ஊகிக்கிறவங்களுக்கு ஒரு பெரிய சாக்லெட்!” என்றார்கள். பிரெட் எழுந்து, “எண்ணிப் பாக்கறதுக்குள்ள தேர்தலே முடிஞ்சிடும் மிஸ்!” என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார்கள். எல்லோரும் ஜாடியைப் பார்த்தோம். டீச்சர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்களும் இந்தப் பண்ணையில் வளர்ந்தவர்தானே. மருந்து பூசிய விதை மிஞ்சினால் மாட்டுக்குப் போட முடியாது, ஆலைக்கு விற்கவும் முடியாது, கொட்டகையில் சும்மா கிடக்கும். ரோஸ் நிறத்தில் பூசிய விதை இங்கே பாதிப் பேர் கொட்டகையில் உண்டு. ஆனால் இந்த வசந்தத்தில் ஓடைப் பக்கத்து வயல் வெள்ளத்தில் அழுகிப்போனதால், அப்பா அங்கே மட்டும் சீக்கிரம் விளையும் வேறு ரகத்தை மறுபடி விதைத்தார். அது பச்சைப் பூச்சு. இரண்டிலும் மிஞ்சியதை ஒரே பீப்பாயில் கொட்டினோம். நான்தான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டீச்சரின் ஜாடியில் ரோஸும் பச்சையும் கலந்து இருந்தன.

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. மணி அடித்ததும் டீச்சர் என்னை மட்டும் நிறுத்தி, “நீ ஒண்ணும் சொல்லலியே ஹாட்டி, எத்தன இருக்கும்?” என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். “தெரிஞ்சா சொல்லும்மா. அவசரமில்ல” என்றார்கள். சோளத்தைத்தான் கேட்டார்களா? அன்றிலிருந்து அவர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் நோட்டுக்குள் குனிந்துகொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து பீப்பாயைத் திறந்து பார்த்தேன். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. இது ஹென்ஸ்லியின் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவின் தேர்தல் வேலையையெல்லாம் பார்ப்பவர் அவர்தான். எங்கள் கொட்டகைச் சாவி அவரிடமும் இருக்கிறது. அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்திருப்பார் என்று பல நாள் நம்பினேன்.

நேற்று இரவு அவர் வந்திருந்தார். என் அறைத் தரையில் கீழிருந்து சூடான காற்று வரும் அந்தப் பழைய இரும்புக் கம்பி வலை உங்களுக்கு நினைவிருக்கும், இது முன்பு உங்கள் அறைதான். அடுப்படியில் பேசுவது அதன் வழியாக அப்படியே மேலே வரும்.

“ஊருக்குள்ள மோப்பம் புடிக்க ஆரம்பிச்சிட்டானுங்க வெர்ன். சோளத்தப் பத்திப் பேசறானுங்க” என்றார் ஹென்ஸ்லி.

“பேசட்டும். சனிக்கிழம என் தங்கச்சி வரா இல்ல?” என்றார் அப்பா.

“அதான் சொல்றேன். போட்டோ எடுக்கறவன் பத்து மணிக்கு வந்துருவான். வாசப்படியில நில்லு. மச்சான் தோள்ல கையப் போடு. அந்தக் குட்டிய மடியில வச்சுக்க. அந்த ஒரு படம் வீட்டுக்கு வீடு தபால்ல போச்சுன்னா, அப்புறம் எவன் வாயத் தொறப்பான்?”

“அவன் கைய நான் இதுவரைக்கும் குலுக்கினதே இல்லடா.”

“இப்பக் குலுக்கு. அப்புறமாக் கழுவிக்க.”

அப்பா சிரிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. சிரித்தார். “போன்ல அவ அழுதுட்டாடா” என்றும் சொன்னார். அதைச் சொன்னபோது குரல் கொஞ்சம் மாறியது. அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குப் புரியவில்லை. ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன்.

நிமிர்ந்தபோது கதவருகில் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. “தரை ஜில்லுனு இருக்கு, ஏறிப் படு கண்ணு” என்றாள். பிறகு, “நீ ஒண்ணும் கேக்கல, என்ன?” என்றாள். அது கேள்வியா உத்தரவா தெரியவில்லை. சாண்ட்விச் பைகளை வாங்கி வைப்பது அம்மாதான். இன்று காலை அந்தக் கம்பி வலைமேல் ஒரு கம்பளம் விரித்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். உங்களையும் சந்தேகப்பட்டேன். இதைப் படித்ததும், என்ன இருந்தாலும் கூடப்பிறந்த அண்ணன் என்று அவருக்கே போன் செய்து கேட்டுவிடுவீர்களோ என்று. தயவுசெய்து கேட்காதீர்கள். இந்த வீட்டில் உங்களுக்கு எழுதக்கூடியவள் நான் ஒருத்திதான். இமானிக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லுங்கள். அப்பா என்னை அடிப்பார் என்று பயமில்லை, அவர் அடித்ததே இல்லை. மழை பெய்தால் பள்ளிப் பேருந்து வரும்வரை டிரக்கில் என்னை உட்கார வைத்துக் கூடவே காத்திருப்பார். இன்றும் காத்திருந்தார். வண்டிக்குள் சூடாக இருந்தது, பாட்டுப் போட்டார், நானும் சேர்ந்து பாடினேன். எனக்கு இதுதான் பயம் அத்தை.

நீங்கள் வராவிட்டால் உங்களை எப்போது பார்ப்பேன் என்று தெரியாது. இமானிக்காக என் பழைய சிவப்புக் கோட்டை எடுத்துத் துவைத்து வைத்திருந்தேன். இருந்தாலும் அந்த வாசப்படியில் அவள் என் அப்பாவின் மடியில் உட்கார்ந்து, எதுவும் தெரியாமல் சிரித்து, அந்தப் படம் ஊர் முழுக்கப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இதை எப்படி அனுப்புவது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. எங்கள் தபால் பெட்டியில் வைத்தால் அம்மா பார்ப்பாள். ஊர்த் தபால் நிலையத்தில் உட்கார்ந்திருப்பது ஹென்ஸ்லியின் மனைவி. வேறு வழியில்லாமல், நாளைக்கு முதல் வகுப்பு முடிந்ததும் பிரூயிட் டீச்சரிடம் கொடுத்து, அவர்கள் வீட்டுப் பக்கத்து ஊரில் போடச் சொல்லப்போகிறேன். அவர்கள் அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற ஆள் இல்லை என்றுதான் நினைக்கிறேன். பிரித்தால் அப்பா தோற்றுப்போவார். தோற்பது மட்டுமில்லை, இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

ஜாடியைப் பற்றி அவர்கள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் வராது, எத்தனை நாள் ஆனாலும் வராது. அதனால் உறையை ஒட்டாமல் கொடுக்கப்போகிறேன். மறந்துபோய் இல்லை. உங்கள் கைக்கு அது ஒட்டி வந்தால், ஒட்டியது நான் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பதில் எழுத வேண்டாம். சனிக்கிழமை காலையில் ஜன்னலருகில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உங்கள் கார் வராமல் இருக்கட்டும். கடவுள் உங்கள் மூன்று பேரையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். அப்பாவுக்காகவும் ஒருமுறை வேண்டிக்கொள்ளுங்கள், உங்களால் முடிந்தால்.

உங்களைப் பார்க்க மிகவும் ஆசைப்படும்,
ஹாட்டி