தண்ணீர் கணக்கில் வராது

6 மார்ச் 1961, ஆவூர்
கணக்கு டீச்சரின் குடைக்குள் வேப்பம்பூவை அடைத்து வைத்தேன். விரித்தார்; தலையில் பூமாரி! வீட்டுக்கு வந்தால் அப்பா சுருண்டு கிடக்கிறார். ஊருக்கே சவரியப்பன் வாத்தியாரான அவர் கண் இரண்டும் சாமந்தி மஞ்சள். வயிற்றுவலி முதுகு வரை குத்துகிறதாம்.

13 மார்ச், திருச்சி ஆஸ்பத்திரி
கணையத்தில் புற்றாக இருக்கலாம், வெறும் வீக்கமாகவும் இருக்கலாம். வெளியே இரண்டுக்கும் ஒரே வேஷம். டாக்டரிடம் புதுச் சோதனை இருக்கிறது: மூக்கு வழியே குழாய் விட்டு, ஊசி போட்டு, கணையம் சுரக்கும் நீரை அளப்பது. குறைந்தால் புற்று என்று சந்தேகம். பிறகு ஆபரேஷனில் கண்டதோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதுகிறார். நோயாளிக்குச் சோதனை, சோதனைக்கும் சோதனை! பத்தொன்பது பேரில் நாலு பேருக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறது. அப்பா இருபதாவது.

14 மார்ச்
ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடிப் புட்டிகள். சொட்டு... சொட்டு... அப்பாவுக்குள் எங்கோ மழை பெய்வதுபோல. மூன்று புட்டி நிறைந்தது. “நல்லா சுரக்குது வாத்தியாரே, புத்தா இருக்காது. ஆபரேஷன் இப்ப வேணாம்” என்றார் டாக்டர். தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

15 மார்ச்
ஐயோ. வெறும் வயிறு என்று நர்ஸ் சொன்னாரே! நேற்று குழாயோடு படுத்திருந்த அப்பா நாக்கு ஒட்டுகிறது என்றதும் அம்மா, “கோயில்ல வெறும் வயித்தோட நன்ம வாங்கப் போறப்பவே தண்ணி குடிக்கலாம்னு சாமியாரே சொல்லிட்டாரு. தண்ணி கணக்குல வராது, குடுடி” என்றாள். நர்ஸ் அங்கிட்டுத் திரும்பும்போதெல்லாம் தாவணிக்குள்ளிருந்து சொம்பு, இரண்டு மடக்கு. எனக்கு அது விளையாட்டு. அந்தப் புட்டிகளில் அப்பா எவ்வளவு, சொம்பு எவ்வளவு? வாயை மூடிக்கொண்டால் நல்ல சேதி அப்படியே இருக்கும். இருக்குமா?

16 மார்ச்
சொல்லிவிட்டேன். டாக்டர் திட்டவில்லை. நோட்டில் இருபதாவது வரியை அடித்தார். “இது தெரியாமப் போயிருந்தா, அடுத்து வர்றவங்களுக்கும் தப்பாச் சொல்லியிருப்பேன்மா.”
அம்மாதான், “வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி?” என்றாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

18 மார்ச்
மறுபடி குழாய். ஒரு புட்டியின் அடிதான் நனைந்தது.

23 மார்ச்
ஆபரேஷன் முடிந்தது. சோதனை சொன்னது சரி. புற்றுதான். எடுக்க முடியவில்லையாம், பித்தம் இறங்க வேறு வழி வைத்துத் தைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் வரை இருக்கலாம் என்றார் டாக்டர்.

20 ஜூலை, ஆவூர்
அப்பாவின் கண்ணில் மஞ்சள் போய் வெளுத்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் குணமாகிவிட்டது என்கிறார்கள். கடலைக்கொல்லையில் களை முழங்கால் உயரம், அம்மா போகவில்லை. பகல் முழுக்க அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டே இருக்கிறாள், அவரும் சிரிக்கிறார். இன்று அவர் கண்ணயர்ந்ததும், நாலு மாதம் கழித்து என் முகம் பார்த்தாள்.
“தெரியாம இருந்திருந்தா, நான் இந்நேரம் களையெடுக்கப் போயிருப்பேன்டி.”