மேஜைமேல் கிடந்த ரிசீவர்

கடற்கரை விடுதி,
தீவு.
மே 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கும் உன் அத்தானுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றபடி நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று எங்களை ஊருக்குக் கூட்டிப்போக வேண்டிய கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. விடிந்ததும் விடியாததுமாகப் பெட்டிகளோடு துறையில் போய் நின்றோம். பெயர்ப் பட்டியலில் எங்கள் ஒன்பது பேரில் ஒருவர் பெயரும் இல்லை. உங்கள் டூர் கம்பெனி திரும்பும் டிக்கெட்டே எடுக்கவில்லையாம். "இருங்க, ஆபீஸ்ல கேட்டுட்டு வரேன்" என்று போனான் நீங்கள் துணைக்கு அனுப்பிய கொடிக்காரன். ஆறு நாளாக அந்த மஞ்சள் கொடியின் பின்னால் ஆட்டு மந்தை மாதிரி நடந்தோமே, அதே கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் கப்பலின் மேல்தளத்தில் நிற்பதைப் பார்த்தோம். எங்களைப் பார்த்ததும் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். அந்த முதுகைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

திரும்பி வந்தால் விடுதி மேனேஜர் அறைகளைப் பூட்டிவிட்டார். உங்கள் கம்பெனி திவாலாகிவிட்டதாம், அவருக்கு வரவேண்டியது எதுவும் வரவில்லையாம். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, ஆனால் அத்தான் முகம் துடைத்துக்கொண்டிருந்த துண்டைக் கையிலிருந்து பிடுங்க வேண்டுமா? சமையற்கட்டுக்குப் பின்னால் பழைய மெத்தைகள் போட்டுவைக்கும் அறையில் எங்களை விட்டிருக்கிறார். மெத்தைகளில் யார் யாருடைய வியர்வையோ நாறுகிறது. ஒன்பது பேருக்கு ஒரு கக்கூஸ், அதிலும் தண்ணீர் நிற்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. காலையில் ரொட்டி வைத்த தட்டில் முந்தைய நாள் விருந்தாளியின் பல் பட்ட துண்டு ஒன்று கிடந்தது. "உன் தம்பி அனுப்பின இடத்துல கடல் ஒண்ணுதான் நம்மள விரட்டல" என்கிறார் அத்தான். சிரித்து வைத்தேன்.

அடுத்த கப்பல் பதினேழாம் தேதிதான். தபால் படகு மட்டும் தினமும் வருகிறது, அதில் ஆள் ஏற்ற மாட்டார்கள். இங்கே தபாலாபீசில் ஒரே ஒரு போன். உன் ஆபீசுக்கு மூன்று தடவை டிரங்க் கால் போட்டேன், எப்போதும் எங்கேஜ்டு.

எனக்கு என் கவலை இல்லை. கூட வந்த ஏழு பேரும் என்னோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஒரே பலகையின் முன்னால் உட்கார்ந்து இணைப்புக் கொடுத்தவர்கள். ரிடையர் ஆனபின் ஒருதடவையாவது கடலைப் பார்க்கலாம் என்று அவர்களைப் பேசிப் பேசிக் கிளப்பியது நான். "என் தம்பியே அந்த ஆபீஸ்ல இருக்கான், நமக்கென்ன பயம்" என்றேன். குயில் வரவே மாட்டேன் என்றாள், அவளையும் இழுத்துவந்தேன். இன்றுவரை ஒருத்தியும் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள், அத்தானின் பிரஷர் மாத்திரையை இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள் என்று நீ சொன்னாயே, நல்லவேளை. உனக்கு எப்போதுமே முன்யோசனை அதிகம்.

மேனேஜர் சொல்வது பொய் என்று ஒரு வரி எழுது. இவர்களிடம் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்து மனசு கலங்கிவிட்டது. உன்னை இப்படித் தவிக்கவிட்ட பாவி ஆகிவிட்டேனே என்று நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

கம்பெனிக்குச் சின்ன நெருக்கடி, அவ்வளவுதான். திவால் என்பதெல்லாம் வாய்க்கு வந்தபடி கட்டிவிட்ட கதை. எனக்கே ஏழாம் தேதி காலையில்தான் விஷயம் தெரியும், உன்மேல் சத்தியம். முதலாளி ஏற்பாடு செய்ய வெளியூர் போயிருக்கிறார். புது புக்கிங் எல்லாவற்றையும் அன்றைக்கே நிறுத்திவிட்டோம்.

போன் எங்கேஜ்டு என்று வருத்தப்பட்டிருக்கிறாய். நான் என்ன செய்ய? ஒன்றை வைத்தால் இன்னொன்று அடிக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை எல்லோருக்கும் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. இடையில் உன் கால் நுழைய முடியாமல் போயிருக்கும்.

பதினேழாம் தேதிக் கப்பலுக்கு உங்கள் ஒன்பது பேருக்கும் நானே நின்று இடம் வாங்குகிறேன். உன் தோழிகளிடம் தைரியமாகச் சொல். இன்னும் ஆறு நாள் கடல் காற்று இலவசம் என்று நினைத்துக்கொள்ளச் சொல்.

உன் தம்பி இருக்கிறான். அதை மட்டும் மறக்காதே.

பாசமுள்ள,
தம்பி


தீவு
மே 14

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. எல்லோரையும் உட்காரவைத்து வாய்விட்டுப் படித்தேன். குயில் ஒரு வாரமாகத் தலைவலி என்று படுத்தே கிடக்கிறாள், அவள்கூட எழுந்து உட்கார்ந்து கேட்டாள். சந்தோஷத்தில் உன்னிடம் ஒரு வார்த்தை பேசலாம் என்று தபாலாபீசுக்குப் போனேன்.

மறுபடியும் எங்கேஜ்டு. நம் ஊர் எக்ஸ்சேஞ்சில் டியூட்டியில் இருந்தது எங்களுக்குப் பிறகு வேலைக்கு வந்த சின்னவள். அவசரம், லைனுக்குள் போய்ப் பார் என்றேன். நிஜமாகவே பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று ஆபரேட்டர் நுழைந்து பார்க்க முடியும், உனக்கு அது தெரியாமல் போனதுதான் நீ செய்த தப்பு. வேறு யாரை ஏமாற்றியிருந்தாலும் தப்பித்திருப்பாய். சின்னவள் சொன்னாள், "அக்கா, யாரும் பேசல. ரிசீவரைக் கீழ எடுத்து வெச்சிருக்காங்க. ரூம் சத்தம் கேக்குது."

முப்பது வருஷ சர்வீசில் ஒருவர் பேச்சை ஒட்டுக் கேட்டதில்லை. நேற்று எனக்கும் இணைப்பைக் கொடு என்றேன்.

முதலில் உங்கள் மின்விசிறி கிறீச்சிடும் சத்தம். பிறகு யாரோ ஒரு வயதானவர், மனைவிக்குக் கப்பலில் வாந்தி வருமா என்று கேட்டார். அதற்கு நீ சிரித்தாய். எனக்குத் தெரியாத சிரிப்பா? நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், படித்துப் பார்.

"நம்ம வீட்டு ஆளுங்க மாதிரி பாத்துக்குவோம் சார். எங்க அக்காவே போன வாரம்தான் தீவுக்குப் போய்ட்டு வந்தாங்க. இன்னும் அதைப் பத்தியேதான் பேசிட்டிருக்காங்க."

நான் அந்த நேரத்தில் தபாலாபீஸ் பெஞ்சில், நான்கு நாள் மாற்றாத சேலையோடு உட்கார்ந்திருந்தேன். "தம்பி, தம்பி" என்று மூன்று தடவை கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேஜைமேல் கிடந்த ரிசீவருக்குள் என் குரல் என்னவாக வந்து சேர்ந்ததோ, உன் காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் ரசீதைக் கிழித்துக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று சொல்வார்கள். நீ உன் வீட்டைக் கொளுத்திவிட்டு அடுத்தவனை உள்ளே கூப்பிடுகிறாய். அதுவும் என்னைக் காட்டிக் கூப்பிடுகிறாய். என் பேரை வாயில் வைத்து மென்று அந்தக் கிழவருக்கு ஊட்டிவிட்டாய். தொண்டை கட்டிவிட்டது என்று எழுதினாயே, உன் தொண்டை ரொம்ப நன்றாக இருந்தது.

பதினேழாம் தேதிக் கப்பலில் நீ இடம் ஒன்றும் வாங்கவில்லை. துறை அதிகாரியிடம் விசாரித்துவிட்டேன். அவர் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, மேல்தளத்தில் பாய் விரித்துக்கொள்ள இடம் தருகிறேன் என்றிருக்கிறார்.

அந்தக் கிழவரையும் அவர் மனைவியையும் தேடிப்பிடித்து, போகாதீர்கள் என்று சொல். அதையாவது செய்.

அக்கா


மே 22

அன்பு அக்காவுக்கு,

நீங்கள் ஊர் வந்து சேர்ந்தது கேள்விப்பட்டேன். குயிலக்கா ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும் சொன்னார்கள். நேரில் வந்து பார்க்க முகமில்லை.

ஆபீசுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியாது. வாசலில் கல் விழுந்த அன்றைக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் மாமனார் வீட்டுக்கு வந்துவிட்டேன். உறையின் பின்னால் இருப்பது இங்குள்ள முகவரி. உன் ஒருத்திக்குத்தான் தருகிறேன், யாரிடமும் சொல்லாதே.

இனி உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. மார்ச்சிலேயே எனக்குத் தெரியும். எங்களுக்கும் மூன்று மாதமாகச் சம்பளமில்லை. மே முடியும்வரை ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தால் மொத்தமாகத் தருகிறேன் என்றார் முதலாளி. ரிசீவரை எடுத்து வைக்கச் சொன்னதும் அவர்தான். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருக்க முடியும், நீயே சொல்.

ஆனால் உன்னை நான் மறந்துவிடவில்லை அக்கா. மாட்டிக்கொண்டால் அத்தானுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதானே கூடுதல் மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்? அந்த ஆபீசிலிருந்து போன இருநூறு பேரில் உனக்கு மட்டும்தான் சொன்னேன். அது பாசமில்லையா?

புகார் எழுதப்போகிறீர்கள் என்று கேள்வி. முதலாளி பேரை எழுதுங்கள், கொடிக்காரன் பேரை எழுதுங்கள். என் பேர் மட்டும் வேண்டாம். நீ ஒரு வார்த்தை சொன்னால் உன் தோழிகள் கேட்பார்கள். அம்மா போனபிறகு என்னைத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது நீ. இந்த ஒரு தடவை என்னைக் காப்பாற்று.

உன் காலில் விழும்,
தம்பி


மே 26

தம்பிக்கு,

மாத்திரை விஷயத்தை நீயே எழுதிவிட்டாய். நான் அதை உன் முன்யோசனை என்று நினைத்து, எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

குயிலுக்கும் பிரஷர் உண்டு. அவளும் அதே மாத்திரைதான். ஆறு நாள் பயணத்துக்கு எண்ணி எடுத்துவந்தவளுக்கு ஏழாம் தேதியே தீர்ந்துபோயிருக்கிறது. ஏற்கெனவே நான் நொந்துபோயிருக்கிறேன், இதைவேறு சொல்லவேண்டாம் என்று வாயைத் திறக்கவில்லை. தலைவலி என்றாள், நானும் வெயில் என்று நினைத்து ஈரத்துணி போட்டேன். துணியை நனைக்க எழுந்து போகும்போதெல்லாம் என் பையைத் தாண்டித்தான் போனேன். பையில் இரண்டு அட்டை மாத்திரை இருந்தது.

கப்பலில் இரண்டாம் நாள் காலை அவள் என்னைக் கூப்பிட்டாள். குளறலாக ஏதோ சத்தம்தான் வந்தது. ஒரு பக்கம் வாய் கோணியிருந்தது, எச்சில் வழிந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் அவள் குரல் கேட்காத வீடு உண்டா? "நம்பர் ப்ளீஸ்" என்று அவள் சொல்வதைக் கேட்பதற்காகவே வேலையில்லாமல் போன் செய்தவர்கள் உண்டு. இனி பேச்சு முழுதாகத் திரும்பாது என்கிறார் டாக்டர்.

நாங்கள் கிளம்புமுன் நீ சொன்ன வாக்கியத்தை எட்டுப் பெண்களுக்கும் பொதுவாகச் சொல்லியிருந்தால் போதும். போகவேண்டாம் என்றுகூடச் சொல்லவேண்டாம், மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், புக்கிங் போய்விடும். அக்கா கேட்கமாட்டாள், தம்பி சொன்னால் வேதம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டினாய், அதற்குப் பாசம் என்று பேர் வைக்கிறாய். உன் பாசம் என் வீட்டு மாத்திரை டப்பாவில் இருக்கிறது. அத்தான் தினமும் விழுங்கித்தான் ஆகவேண்டும். எடுத்துக் கொடுக்கும்போது என் கை கூசுகிறது.

அந்த வயதானவரும் மனைவியும் பெட்டி கட்டிக்கொண்டு வந்து, சீல் வைத்த கதவின் முன்னால் நின்றார்களாம். சின்னவள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

புகாரை நான்தான் எழுதினேன், என் கையெழுத்து அழகு என்று. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதினோம். உன் பேர் வந்த இடத்தில் ஒருத்தி என் கையிலிருந்து பேனாவை வாங்கி அடித்துவிட்டாள். "விடுடி, அவன் நம்ம பையன் மாதிரி" என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நீ சொன்னது சரி, நான் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள். சொல்லாமலே கேட்டார்கள். அந்த அறையில் புழு மாதிரிக் கிடந்தவர்கள், எனக்காக உன்னை விட்டுவிடத் தயாராக இருந்தார்கள். தம்பி, எனக்கு அன்றைக்குத்தான் அழுகை வந்தது.

அடித்த இடத்துக்கு மேலே உன் பேரை மறுபடி எழுதினேன்.

ஸ்டேஷனில் எழுதிக்கொண்ட ஏட்டு வயதில் சின்னவர். உன் பேருக்கு வந்ததும், "இவர் உங்களுக்குத் தெரிஞ்சவராம்மா?" என்று கேட்டார்.

"கூடப் பிறந்தவன்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நாளைக்கு வேணும்னாலும் வாங்கம்மா. வீட்ல போய் நல்லா யோசிங்க" என்றார்.

"யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். எழுதுங்க."

எழுதினார். இப்போது எங்கே இருக்கிறான், முகவரி தெரியுமா என்று கேட்டார். உன் உறையைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன்.

இன்று காலை போலீஸ்காரர்கள் அங்கே கிளம்பிவிட்டார்கள். இந்தக் கடிதம் முந்துமோ, அவர்கள் முந்துவார்களோ தெரியாது. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவை. அவர்கள் பார்க்கவேண்டாம்.

அக்கா