புல்டோசரின் கதவு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் இரண்டாவது கடிதமும் வந்து சேர்ந்தது. இங்கே நானும் அம்மாவும் நலம். வெயில்தான் ஆளைத் தின்கிறது. ரோடு ரோலரின் இருக்கையில் ஈரச் சாக்கைப் போட்டுத்தான் உட்காருகிறேன். இல்லாவிட்டால் எழுந்திருக்கும்போது பாதி அப்பா அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவார்.

அந்தக் குளிர் தேசத்தில் உறைந்துபோன ஏரியின் மேல் நீ புல்டோசர் ஓட்டி, பனியைத் தள்ளி, லாரிகளுக்கு வழி செய்கிறாய் என்று படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நான் ஓட்டுகிற வண்டியைப் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் நடந்தே முந்திப் போகும். எனக்குப் பிறந்த நீ தண்ணீர் மேல் ஓட்டுகிறாய்! ராத்திரி முழுக்க எஞ்சினை அணைக்கவே மாட்டீர்களாமே, நிஜமா? வெளியே நின்று தும்மினால் என்ன ஆகும்? சிரிக்காமல் எழுது.

டீசல் குளிரில் மெழுகு மாதிரி ஆகிவிடும் என்றாயே, எனக்கு நம்பிக்கை வரவில்லை. மருந்து பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி நம் ஃப்ரீசரில் வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான், கலங்கிப் போய்விட்டது. மூடியைத்தான் நான் சரியாக மூடவில்லை. இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல உங்க ஆராய்ச்சி இருக்கணும், பெட்ரோல் பங்க்குல குடித்தனம் நடத்த என்னால ஆகாது என்று அம்மா கத்தினாள். ஃப்ரிட்ஜைக் கழுவித் துடைத்தது நான்தான்.

முதல் கடிதத்தில், ஏரி மேல் போகும்போது கதவைத் திறந்துவைத்து, சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். எனக்கு அது தலைகீழாகப் பட்டது. எங்கள் பட்டறை மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் பல் குத்திக்கொண்டே, ஏன்யா, ஐஸ் உடைஞ்சா குதிச்சு வெளிய வர வேணாமா என்றார்.

இப்போது வந்த கடிதத்தில், குளிர் தாங்கல அப்பா, எல்லாருமே கதவைச் சாத்திட்டுத்தான் ஓட்டறோம், மேஸ்திரிகூட ஒண்ணும் சொல்றதில்ல, ஐஸ் பாறை மாதிரி கிடக்கு என்கிறாய். அதையும் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் சொன்னேன். சாத்தின கதவைத் திறந்து வெளிய வர முடியுதான்னு நீயே பாருய்யா என்றார். பட்டறையில் பழைய புல்டோசர் ஒன்று நிற்கிறது. அதில் ஏறி, கம்பளியைச் சுற்றி, மேலே ரெயின்கோட் போட்டு, வெல்டிங் கையுறை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். அவர் வெளியே தட்டியதும் நான் இறங்கி வர வேண்டும், அவ்வளவுதான்.

கைப்பிடி என்று நினைத்து வைப்பர் சுவிட்சைப் பிடித்து முறுக்கினேன். ரெயின்கோட் போய் லிவரில் மாட்டிக்கொண்டது. என்னய்யா, உள்ள டான்ஸ் ஆடறியா என்று பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவழியாகக் கைப்பிடி அகப்பட்டது. ஆனால் கதவு அசையவில்லை. மெக்கானிக் வெளியிலிருந்து தோளைக் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தார். தண்ணி இப்படித்தான்யா அழுத்தும், உள்ள ரொம்புற வரைக்கும் விடாது என்றார். அவர் தோளை எடுத்த பிறகுதான் கதவு திறந்தது. நான் இறங்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, நேராக வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவிடம் கதவு விஷயம் எதையும் சொல்லவில்லை. வண்டிக்குள்ள ஹீட்டர் இருக்காம், புள்ள கதகதன்னு இருப்பா என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசிக்கொண்டிருக்கிறாள். பேசட்டும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? என் வண்டிக்குக் கதவே கிடையாது. ஐஸைப் பற்றி நான் படித்த பள்ளிக்கூடம் அந்த ஃப்ரீசர் ஒன்றுதான். மற்றவர்கள் சாத்திக்கொள்ளட்டும். பயந்தாங்கொள்ளி என்று அவர்கள் கேலி செய்தால், எங்க அப்பா ஒரு மாதிரி, அவருக்காகத்தான் என்று சொல்லிவிடு. எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஏரி மேல் ஏறும் முன்னால் கதவைத் திறந்துவிடு, பெல்ட்டைக் கழற்றிவிடு, கண்ணு.

குளிரும். மூக்கு சிவக்கும், பல் கிட்டிக்கும். வேலை முடிந்து அறைக்கு வந்ததும், இப்படிக் குளிர வைக்கிறீங்களே, நீங்கல்லாம் ஒரு அப்பாவா என்று நாலு வரி திட்டி எழுது. வாராவாரம் எழுது. ஒரு வாரம்கூட அந்தத் திட்டு வராமல் இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
திட்டு வாங்கக் காத்திருக்கும்
அப்பா