தொட்டியில் சுறா

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. பாப்பாவுக்குக் காய்ச்சல் குறையல, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட.

நேத்து அவ பள்ளிக்கூட வாசல்ல தனியா மழையில நின்னா. கேட்டதுக்கு, “மீனுக்குத் தீனி போட்டுக்கிட்டிருந்தேன், கூப்பிடப் போக மறந்துட்டேன்”னு கம்ப்யூட்டர்லேர்ந்து தலையைக்கூடத் திருப்பாம சொன்னீங்க.

இன்னைக்கு நீங்க வேலைக்குப் போனதும் கம்ப்யூட்டர்ல அந்த மீன் வளர்க்கிற விளையாட்டைத் திறந்தேன். நீங்க சேர்த்துவெச்ச நாணயம் பூராவும் போட்டு ஒரு சுறா வாங்கித் தொட்டியில விட்டேன். நான் காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள தொட்டி காலி.

பி.கு.: ஆரஞ்சு மீன் மட்டும் தனித் தொட்டியில இருக்கு. பாப்பா அதுக்கு ‘அப்பா’ன்னு பேர் வெச்சிருக்காளாம், விட்டுடச் சொல்லி அழுதா. அவளுக்காகத்தான் விட்டேன், உங்களுக்காக இல்ல.